செய்கூலி கேட்கட்டும், தங்கத்தின் விலையை மறுபடியும் கேட்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம்களைப் புதுப்பித்து, ரீமேக் (முதலிலிருந்து மறுபடி கட்டியது) என்றும் ரீமாஸ்டர் (பழையதையே மெருகேற்றியது) என்றும் பெயர் சூட்டி முழு விலைக்கு விற்பதைப் பற்றித் தங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொடுக்கிற காசுக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பெரும்பாலும் ஒன்றுமில்லை என்று கட்டுரை முடிந்திருந்தது. கேள்வி நியாயமானது. விடையைத்தான் என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் 2003 முதல் 2014 வரை பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கேம் ஆடுகிற பிள்ளைகள் உள்ள கூட்டுக் குடும்பம் எங்களுடையது. அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற பொங்கலுக்கு என் அண்ணன் மகன், அப்பத்தா கொடுத்த பணத்தோடு தன் கையிருப்பையும் சேர்த்து, ஐயாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான விலையில் ஒரு கேம் வாங்கினான். அதன் முந்தைய பதிப்பு டிஸ்க்காகவே அவன் அலமாரியில் இருந்தது. எந்தக் கேம், எந்த நிறுவனம் என்பதை விட்டுவிடுகிறேன். ஒன்றைச் சொல்லி மற்றவற்றை விட்டால் அது நியாயமாக இருக்காது. என் தாயார் இரண்டு உறைகளையும் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டிலும் அதே முகம், அதே எழுத்து.

"பழசப் போட்டுத்தானேப்பா புதுசு எடுத்த? பழசுக்கு எவ்வளவு கழிச்சான்?" என்று கேட்டார்.

"அதுக்கெல்லாம் கழிக்க மாட்டாங்க அப்பத்தா. அது வேற, இது வேற."

"வேறன்னா ஏன்டா அதே பேரு?"

அவனிடம் பதில் இல்லை. எனக்கும் உடனே தோன்றவில்லை. ஆனால் இந்த விவகாரத்தின் முடிச்சு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று பிறகு பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரின் அட்டிகை ஒன்றை அழித்து, அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு வேறு நகை செய்தோம். ஆசாரியின் பட்டறையில் நானும் உடன் உட்கார்ந்திருந்தேன். முதலில் நகையை அப்படியே எடை போட்டார். பிறகு கற்களைப் பெயர்த்தெடுத்து ஒரு தாளில் எண்ணி வைத்தார்; உள்ளே அடைத்திருந்த அரக்கை உருக்கி வெளியேற்றினார்; மறுபடி எடை போட்டார். உருக்கிய பிறகு ஒரு முறை, புது நகை முடிந்த பிறகு ஒரு முறை என்று ஒவ்வொரு எடையையும் என் தாயாரிடம் காட்டி, துண்டுச் சீட்டில் குறித்தார். கடைசியில் சேதாரம் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, புதிதாகச் சேர்த்த தங்கம் இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். செய்கூலி அதிகம் என்று என் தாயார் வழக்கம்போல் பேரம் பேசினாரே தவிர, செய்கூலியே கூடாது என்று சொல்லவில்லை. ஆசாரியும் எங்கள் தங்கத்துக்கு எங்களிடமே விலை கேட்கவில்லை.

ரீமேக் விலையை அளக்க இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை. கதை, பாத்திரங்கள், இசை, களம், ஆட்டத்தின் விதிகள் ஆகியவைதான் தங்கம். அவற்றுக்கான விலையை முதல் முறையே கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். கொடுக்காதவர் ஒருவர் இருக்கிறார். இருவரிடமும் ஒரே தொகையைக் கேட்பதில்தான் தவறு இருக்கிறது. புதிய பகுதிகள் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பது, நகையில் புதிதாகச் சேர்த்த குந்துமணித் தங்கத்தை மட்டும் நிறுத்துவிட்டு ஆசாரியின் ஒரு மாத உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது போன்றது. உவமை முழுவதும் பொருந்தாது என்பதும் தெரியும்: அட்டிகை எங்களுக்குச் சொந்தம், கேமோ நிறுவனத்துக்குச் சொந்தம், நம் கையில் இருப்பது ஆடுவதற்கான உரிமம் மட்டுமே. ஆயினும் ஒரே உரிமத்தை ஒரே மனிதருக்கு இரண்டு மூன்று முறை முழு விலைக்கு விற்கலாமா என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது.

உழைப்பு என்று சொன்னதற்குச் சான்று காட்ட வேண்டும். காப்காம் நிறுவனத்தின் ரெசிடென்ட் ஈவில் 2 முதலில் 1998-இல் வந்தது. அன்று காமிரா ஒவ்வொரு அறையிலும் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். பின்னணி எல்லாம் முன்கூட்டியே வரைந்து வைத்த படம். பாத்திரம் அந்தப் படத்தின் மேல் நடந்து போகும். 2019 ஜனவரியில் வந்த ரீமேக்கில் காமிரா ஆடுபவரின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. இது சின்ன மாற்றம் போலத் தோன்றும். ஆனால் காமிரா நகர்ந்துவிட்டால் வரைந்த படம் உதவாது; ஒவ்வொரு சுவரையும் கதவையும் மேசையையும் எல்லாப் பக்கமும் கட்டியாக வேண்டும். எதிரி எங்கிருந்து வருவான், இருட்டு எங்கே விழ வேண்டும், குண்டு எத்தனை இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் புதிதாக முடிவு செய்ய வேண்டும். கதையில் புதிதாக வந்தது கொஞ்சம்தான். பழைய ஆட்டத்தில் இரண்டு பாத்திரங்களின் கதைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போன விதம் ரீமேக்கில் மெலிந்துவிட்டது என்றுகூடப் பலர் குறை சொன்னார்கள். ஆயினும் அது அசலை விட அதிகப் பிரதிகள் விற்றது. புதுப் பகுதி எத்தனை என்று மட்டும் எண்ணியிருந்தால் அந்தக் கேம் தேறியிருக்காது.

2008-இல் வந்து 2023 ஜனவரியில் ரீமேக் ஆன டெட் ஸ்பேஸ் இன்னொரு வகை. அசலில் நாயகன் ஐசக் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான், ரீமேக்கில் பேசுகிறான். தனித்தனி அத்தியாயங்களாக இருந்த விண்கலம் இப்போது ஒரே தொடர்ச்சியான இடமாக, போன வழியே திரும்பி வரக்கூடியதாக இருக்கிறது. ஒரு முறை முடித்துவிட்டு மீண்டும் ஆடுபவருக்கு வேறொரு முடிவும் வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டில் பழைய வீடுகளை வாங்கித் தங்கும் விடுதியாக்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு: சுண்ணாம்பு அடித்து ஏ.சி. பொருத்திவிட்டு அறை வாடகை கேட்பவர்கள் ஒரு வகை. முகப்பையும் நிலைக்கதவையும் தூணையும் அப்படியே வைத்து, உள்ளே ஓட்டையும் உத்தரத்தையும் சாக்கடையையும் முதலிலிருந்து சரி செய்பவர்கள் மற்றொரு வகை. இரண்டையும் புதுப்பித்தல் என்றுதான் விளம்பரத்தில் போடுவார்கள். ரீமாஸ்டருக்கும் ரீமேக்குக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய அதுதான். விற்பவர்கள் அந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பதுதான் நம் பக்கத்துச் சங்கடம்.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 2003-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் என்ற கேமின் ரீமேக்கை யூபிசாஃப்ட் 2020-இல் அறிவித்தபோது, அதைச் செய்தவர்கள் அந்நிறுவனத்தின் புனே, மும்பை ஸ்டுடியோக்களைச் சேர்ந்தவர்கள். முன்னோட்டப் படம் வெளிவந்ததும், முகங்கள் பழைய காலத்துக் கேம் போல இருப்பதாக உலகமெங்கும் கேலி செய்தார்கள். தேதி தள்ளிப் போயிற்று. 2022-இல் வேலை கனடாவின் மாண்ட்ரியால் ஸ்டுடியோவுக்கு மாற்றப்பட்டது. பழைய கதையும் பழைய வடிவமைப்பும் கையில் இருந்தாலே கேம் தானாக எழுந்து நிற்காது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

ஆகவே செய்கூலி உண்டு. அது சில சமயம் மிகப் பெரிது. அதோடு, புதியது என்பதற்கு நாம் வைத்திருக்கும் பொருளும் குறுகியது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற கேம் 2013-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 3 என்ற கேம் கருவிக்கு வந்தது. 2014-இல் ரீமாஸ்டராக பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. 2022 செப்டம்பரில் ரீமேக்காக பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தது. மூன்றாவது வருகைக்கு அமெரிக்காவில் 70 டாலர், இங்கே 4,999 ரூபாய். கதையில் ஒரு காட்சிகூடக் கூடவில்லை. அசலில் இருந்த, பலர் சேர்ந்து ஆடும் பகுதி குறைந்தும் போயிற்று. இதை வைத்து அது பகல் கொள்ளை என்று சொன்னவர்கள் அதிகம். ஆனால் அதே ரீமேக்கில், பார்வையற்றவர்களுக்காகக் கதைக் காட்சிகளை வாய்மொழியாக விவரிக்கும் ஒலித்தடம் இருக்கிறது. காது கேளாதவர்கள் வசனம் எந்த அழுத்தத்தில் பேசப்படுகிறது என்பதைக் கையிலுள்ள கன்ட்ரோலரின் அதிர்வின் மூலம் உணர்வதற்கும் வழி செய்திருக்கிறார்கள். கண் தெரிந்தவனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கண் தெரியாத ஒருவருக்கு, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை அத்தனையும் புதியது. தங்கள் கட்டுரையாளர் இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு முறை காசு கொடுத்துவிட்டவருக்கு ஒரு ரூபாயும் கழிக்காமல் மூன்றாம் முறையும் அதே 4,999 கேட்டதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. என் தாயாராலும் முடியாது.

குறைவைப் பற்றிச் சொன்னேன். ரீமேக்கில் எது கூடியிருக்கிறது என்று கேட்பவர்கள், எது போயிற்று என்று கேட்பதே இல்லை. 1999-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 3, 2020 ஏப்ரலில் ரீமேக் ஆனபோது, அசலில் சுற்றித் திரிந்த மணிக்கூண்டுப் பகுதியே காணாமல் போயிற்று. ஆபத்தான நேரத்தில் எந்த வழியில் தப்புவது என்று ஆடுபவரே தேர்ந்தெடுத்த இடங்களும், அதற்கேற்ப மாறிய முடிவுகளும் போயின. விலை மட்டும் 60 டாலர். ஈடாக, பலர் சேர்ந்து ஆடும் தனி ஆட்டம் ஒன்றை இணைப்பாகக் கொடுத்தார்கள். கத்தரிக்காய் வாங்கப் போனவருக்கு முருங்கைக்காயைக் கொசுறாகக் கொடுத்தது போல. அதே நிறுவனம் 2023-இல் நான்காம் பாகத்தை ரீமேக் செய்தபோது, 2005-இல் பிளேஸ்டேஷன் 2 பதிப்போடு சேர்ந்தே வந்த ஒரு கிளைக்கதையை முதலில் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து 10 டாலருக்குத் தனியாக விற்றது. அது நன்றாக விரித்துச் செய்யப்பட்டிருந்தது என்பதால் 10 டாலரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எடைச் சீட்டில் இந்தக் கழிவு எழுதப்படவில்லை.

ஃபைனல் ஃபேன்டசி 7 தனிக்கதை. 1997-இல் மூன்று சிடிகளில் முழுக்கதையாக வந்த கேம் அது. 2020 ஏப்ரலில் வந்த ரீமேக், அந்தக் கதையின் தொடக்கமான மிட்கார் நகரப் பகுதியோடு நின்றுவிட்டது. அசலில் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிற அந்த நகரத்தை முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆடும்படி விரித்திருந்தார்கள். மூன்று பகுதிகளாகத் திட்டமிட்டதில் இரண்டாம் பகுதி 2024 பிப்ரவரியில் வந்தது. இந்த இரண்டுக்குமே முழு விலை. ஒரே நகையைக் கொடுத்துவிட்டு மூன்று தவணையில் மூன்று நகை வாங்குவதா என்று கோபப்பட்டவர்களை எனக்குத் தெரியும். என் கருத்து வேறு. அந்த நகரத்தின் சேரிகளும் கடைத்தெருவும் பக்கத்து வீட்டுக்காரர்களும், அசலில் இரண்டு வரி வசனத்தோடு செத்துப்போன பாத்திரங்களும் இப்போது ஆள் ஆளாக எழுந்து நடமாடுகிறார்கள். கதையும் பழைய தடத்திலிருந்து துணிந்து விலகுகிறது. இதைப் பழைய தங்கம் என்று சொல்ல முடியாது; புதுத் தங்கம். புதுத் தங்கத்துக்கு விலை கேட்பதில் தவறில்லை. ஆனால் உறையின் மேல் "முதல் பகுதி" என்று பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை, கதை பாதியில் நிற்கும் என்பது உறையின் முகப்பை மட்டும் பார்த்து வாங்கியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இனி நான் உண்மையிலேயே குற்றம் என்று கருதும் செயலுக்கு வருகிறேன். 2021-இல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வரிசையின் மூன்று பழைய ஆட்டங்களை ஒன்றாகப் புதுப்பித்து, 60 டாலருக்கு ராக்ஸ்டார் வெளியிட்டது. இவற்றுள் வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் இல்லாத பிரவுசிங் சென்டர் நம் ஊர்ப் பக்கம் இருந்ததில்லை. ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு உட்கார வைத்தால், ஆங்கிலப் பாடத்தில் தோற்ற பையன்கூட ஏமாற்றுச் சொற்களை (சீட் கோடுகளை) நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வான்; "பேன்சர்" என்று அடித்ததும் தெருவில் டாங்கி வந்து விழும்; கேபினுக்குக் கேபின் கூச்சல் பரவும். (அந்த நாளில் என் சென்டரில் ஓடியவற்றில் பாதிக்கு மேல் முறையாக வாங்கியவை அல்ல என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விலை நியாயம் பேசும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவுதான்.) அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போய், முதல் முறையாகச் சொந்தக் காசில் வாங்கலாம் என்று நினைத்த நேரத்தில் வந்தது இந்தப் புதுப் பதிப்பு. மழை பெய்தால் திரை முழுவதும் வெள்ளைக் கோடாகி எதிரே வண்டி வருவது தெரியவில்லை. ஒரு டோனட் கடையின் பலகையில், அசலில் அறுகோண இரும்பு நட்டு ஒன்று இருக்கும். கடையின் பெயரும் அந்த நட்டை வைத்துச் செய்த சிலேடை. எல்லா மூலைகளையும் மழுக்கிய வேலையில் அந்த நட்டு உருண்டையாகிவிட்டது, சிலேடையும் போயிற்று. எதைச் செப்பனிடுகிறோம் என்று பார்க்காமல் செப்பனிட்டதற்கு அந்த ஒரு பலகையே போதும். நிறுவனம் பின்பு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

மழையும் பலகையும் பிழைகள். பிழையைத் திருத்தலாம், பிறகு திருத்தவும் செய்தார்கள். நான் குற்றம் என்றது வேறு. புதுப் பதிப்பு வருவதற்கு முன்பே பழைய மூன்று ஆட்டங்களையும் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்த பின்பே கணினிக்கான பழைய பதிப்புகளைத் தங்கள் கடையில் திரும்ப வைத்தார்கள். 2020 ஜனவரியில் ப்ளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட் இதையும் தாண்டியது. முன்னதாகக் காட்டிய புதுக் காட்சிகள் பல அதில் வரவில்லை. அதுமட்டுமின்றி, 2002-இல் வந்த அசலைக் காசு கொடுத்து வாங்கி இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் புதிய மென்பொருளுக்கே மாற வேண்டியதாயிற்று. புது நகை வாங்காதவரின் கழுத்திலிருந்த பழைய நகையையும் சேர்த்து உருக்கியது போன்ற வேலை. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

வேறு வழியே இல்லை, தொழில் அப்படித்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஏனெனில் வேறு வழியில் நடந்தவர்களும் இதே தொழிலில்தான் இருக்கிறார்கள். அதே ப்ளிஸார்ட் 2017 ஆகஸ்டில் ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டரை 15 டாலருக்கு விற்றது. அதற்கு முன் ஏப்ரலிலேயே 1998-இன் அசலை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. தங்கம் இலவசம், மெருகுக்கு மட்டும் காசு! 2024 அக்டோபரில் வந்த ஹொரைசன் ஜீரோ டான் ரீமாஸ்டரைப் புதிதாக வாங்குவோருக்கு 50 டாலர். பழைய ஆட்டத்தை வைத்திருப்போருக்கு 10 டாலர். தி லாஸ்ட் ஆஃப் அஸின் 70 டாலர் ரீமேக்கை வெளியிட்ட அதே சோனிதான் இதையும் செய்தது என்பதால், செய்கூலிக் கணக்கு அவர்களுக்குத் தெரியாததல்ல. 2021-இல் வந்த டயாப்லோ 2: ரீசரெக்டெட் இன்னும் ஒரு படி மேல். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விசையை அழுத்தினால் 2000-ஆம் ஆண்டின் தோற்றம் வரும். மீண்டும் அழுத்தினால் புதுத் தோற்றம் வரும். உரைகல்லை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடும் நேர்மை அது. வேலையில் நம்பிக்கை இருப்பவர்தான் அப்படிக் கொடுப்பார்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐப் பற்றிச் சொல்லாமல் காரைக்குடிக்காரன் கடிதத்தை முடிக்க முடியாது. ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்துப் படை நடத்தும் அந்த ஆட்டம் 1999-இல் வந்தது; என் சென்டரில் பத்து ஆண்டுக்கும் மேல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டுக் கணினிகளையும் கேபிளால் இணைத்துவிட்டால், தேவகோட்டை, புதுவயல் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள், இருட்டி அவர்கள் வீட்டிலிருந்து போன் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். 2019 நவம்பரில் அதன் டெஃபினிட்டிவ் எடிஷன் 20 டாலருக்கு வந்தது. படங்கள் கூர்மையானது மட்டுமல்ல; நான்கு புதிய நாகரிகங்களும் மூன்று புதிய படையெடுப்புக் கதைகளும் அந்த விலைக்குள்ளேயே சேர்ந்திருந்தன. கணினியை எதிர்த்து ஆடும்போது, அது மறைவாகச் சலுகை எடுத்துக்கொள்ளாமல் நியாயமாக ஆடும்படி அதன் அறிவையும் மாற்றி எழுதியிருந்தார்கள். முந்தைய எச்.டி. பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு விலையில் தள்ளுபடியும் கிடைத்தது. 2022 ஏப்ரலில் 10 டாலருக்கு வந்த இணைப்பில் திராவிடர் என்ற நாகரிகம் சேர்ந்தது. அதன் போர்வீரன் உறுமி என்ற சுருள்வாளைச் சுழற்றுகிறான். கப்பலின் பெயர் திரிசடை. படையெடுப்புக் கதையின் நாயகன் ராஜேந்திர சோழன். அண்ணன் மகன் அதைத் தன் கணினியில் ஓட்டி, கிராமத்து ஆளைச் சொடுக்கியபோது, அவன் தமிழில் பதில் சொன்னான். இருபது ஆண்டுகளாக நாங்கள் எல்லோரும் பிரிட்டானியராகவும் பாரசீகராகவும் ஜப்பானியராகவும் ஆடிய அதே களத்தில்! எத்தனை மணி நேரம் புதிய ஆட்டம் என்று அப்போது நான் கணக்குப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பார்த்திருந்தாலும் அந்தக் காசுக்கு அது மலிவுதான்.

கட்டுரையாளரின் கட்சிக்கு வலுவான ஒரு வாதம் உண்டு; அவரே அதை எடுக்காதது வியப்பு. விலை டாலரில் நிர்ணயமாகி இங்கே ரூபாயாக இறங்கும்போது, 4,999 ரூபாய் என்பது காரைக்குடியில் ஒரு சிறு குடும்பத்தின் மாத மளிகைச் சாமான். அமெரிக்காவில் 70 டாலர் அப்படியல்ல. எனவே செய்கூலி நியாயமாக இருந்தாலும் நம் பிள்ளைகளுக்கு அது கனக்கிறது. கணினியில் ஆடுபவர்களுக்காவது ஒரு பாதுகாப்பு உண்டு: ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் மட்டுமே ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெறும் வெள்ளையடிப்பா, இல்லை முழு வேலையா என்று கண்டுகொள்ள இரண்டு மணி நேரம் போதும். பிளேஸ்டேஷன் கடையில் தரவிறக்கம் தொடங்கிவிட்டாலே, கேமில் பழுது இருந்தாலன்றிப் பொதுவாகப் பணம் திரும்பாது. டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்துக் கைமாற்றலாம்; டிஸ்க் போடும் வசதியில்லாத கருவியை வாங்கியவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. பெற்றோர்கள் கருவி வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ரீமேக்கே வேண்டாம், பழையதையே ஆடிக்கொள்ளலாம் என்ற யோசனையையும் கட்டுரையாளர் சொல்லியிருந்தார். சொல்வது எளிது. பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் 4-லும் ஓடாது, 5-லும் ஓடாது. 1998-இன் கணினி கேம் இன்றைய விண்டோஸில் பல நேரம் திறக்கவே திறக்காது. திறந்தாலும் எழுத்து கடுகளவு இருக்கும். கருவியை மாற்றுவதும் நிறுவனம், அதனால் ஓடாமல் போன கேமைப் புதுப்பித்து விற்பதும் நிறுவனம் என்கிறபோது, பழைய பிரதி வைத்திருப்பவருக்குச் சலுகை தரும் கடமை இன்னும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. முதல் முறையாக வாங்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவன் தங்கத்துக்கும் செய்கூலிக்கும் சேர்த்துக் கொடுக்கிறான். நல்ல வேலையாக இருந்தால் முழு விலை கொடுக்கட்டும். ரெசிடென்ட் ஈவில் 2-ஐ அவனுக்கு நானே பரிந்துரைப்பேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இளைஞர் பக்கத்தில் கேம் விமர்சனம் வரும்போது ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடுகிறீர்கள். ரீமேக்காக இருந்தால் அதன் கீழே, அசலில் இருந்து எது விடுபட்டிருக்கிறது, அசல் இன்னும் விற்பனையில் இருக்கிறதா, பழைய பிரதி வைத்திருப்பவருக்கு என்ன விலை என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். "கழிவு எதுவும் இல்லை, எல்லோருக்கும் ஒரே விலை" என்பதுதான் பதில் என்றால், அதையும் அப்படியே போடுங்கள். எங்கள் வீட்டில் நாளிதழை முதலில் எடுப்பவர் என் தாயார். அடுத்த பொங்கலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அவர் அந்த வரியைத்தான் தேடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.